அப்பாயி பங்கு எங்கே போனது? உறையூர் வீடொன்றின் உரிமை ஆய்வு

“உங்கள் தந்தையார் இறந்த தேதியில் அவருடைய தாயார் உயிருடன் இருந்தாரா?”

வங்கியின் பேனல் வக்கீல் எழுதி அனுப்பிய கடிதத்தில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தவருக்கு வயது 43. 2024 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். “சார், அப்பாயி செத்தே பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்களுக்கும் வீட்டுக்கடனுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்றார்.

சம்பந்தம் இருந்தது. அதை அவிழ்க்க இருபது மாதங்கள் ஆயின. உரிமை ஆவணங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வதுதான் என் தொழில் என்பதால், இதே ஓட்டையுள்ள வீடுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் வாங்குவது, விற்பது, கடனை மாற்றுவது என்று மூன்று பக்கமும் எழும் கேள்விகள் ஒரே வீட்டில் இவ்வளவு தெளிவாகச் சேர்ந்து வந்தது இதில்தான். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கைக்கு வந்த ஆவணங்கள்

திருச்சி உறையூரில் 1,200 சதுர அடி மனை. 1986-ல் என்னிடம் வந்தவரின் அப்பா தன் சம்பளப் பணத்தில் வாங்கி, மூன்று வருடத்தில் தரைத்தளம் கட்டினார். 1999-ல் மாரடைப்பில் இறந்தார். உயில் எழுதவில்லை. மனைவி, ஒரு மகன், ஒரு மகள். அந்த மகன்தான் என் கட்சிக்காரர்.

அடுத்த பதின்மூன்று வருடம் யாரும் எந்தக் காகிதத்தையும் தொடவில்லை. வீட்டு வரி அப்பா பெயரிலேயே போய்க்கொண்டிருந்தது. 2012-ல் பட்டா மாற்றப் போனபோது வாரிசுச் சான்று கேட்டார்கள். மனு கொடுத்து வாங்கினார்கள். அதில் மூன்று பெயர்: அம்மா, மகன், மகள். 2013-ல் அம்மாவும் தங்கையும் ‘தலா 1/3 பங்கை’ மகனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். 2015-ல் அந்தப் பத்திரத்தை வைத்து ஒரு வங்கியில் கடன் வாங்கி, மகன் முதல் தளம் எழுப்பினார். தவணை ஒரு மாதமும் தவறவில்லை.

2023 கடைசியில் அவருடைய மகளின் கல்லூரிச் செலவு வந்தது. பழைய கடனில் 14 லட்சம் பாக்கி. வேறு வங்கி வட்டியும் குறைவாகத் தருகிறேன், மேற்கொண்டு 10 லட்சம் டாப்-அப்பும் தருகிறேன் என்றது. விண்ணப்பித்தார். அப்போதுதான் அந்தக் கடிதம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. 1986 கிரயம், 2013 விடுதலை, 2015 கடன் பதிவு, அவ்வளவுதான். பட்டா அவர் பெயரில். வரி ரசீது அவர் பெயரில். மின் இணைப்பும் அவர் பெயரில். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. பத்திர எழுத்தர், முதல் வங்கி, பட்டா கொடுத்த அலுவலகம் என்று மூன்று இடத்தைத் தாண்டி வந்திருக்கிறார். எங்கேயும் யாரும் அப்பாயியைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மாவுக்கு உண்டு, அப்பாவுக்கு இல்லை

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, ஓர் ஆண் தன் சொந்த உழைப்பில் சேர்த்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், அது முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள் மூவரும் அதில் வருவார்கள் என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். இறந்தவரின் தாயும் அதே வகுப்பில், அதே அளவுக்கு வருகிறார் என்பது பலருக்குத் தெரியாது. தந்தை அந்த வகுப்பில் இல்லை. இரண்டாம் வகுப்புக்குத் தள்ளப்படுகிறார். பெற்ற தாய்க்கு மருமகளோடும் பேரக்குழந்தைகளோடும் சமபங்கு.

மகள் விஷயத்திலும் ஒரு குழப்பத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். “2005-க்கு அப்புறம்தானே சார் பொண்ணுங்களுக்குப் பங்கு?” என்று கேட்காதவர் குறைவு. அந்தத் திருத்தமும், அதற்கு முன்னால் 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. அப்பா தானாகச் சம்பாதித்து உயிலில்லாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே மகனுக்குச் சமமான பங்கு. மதம் மாறினால் கணக்கும் மாறும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. தாய்க்குப் பங்கு வராது. இஸ்லாமியக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தாலும் தாய்க்கு ஆறில் ஒன்று.

இனி உறையூர் வீட்டுக்கு வருவோம். 1999-ல் அப்பா கண்ணை மூடிய அந்த நொடியில் அவருடைய தாயார், அதாவது என் கட்சிக்காரரின் அப்பாயி, புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் திடமாக இருந்தார். ஆக வாரிசுகள் மூவரல்ல, நால்வர். ஆளுக்கு 1/4. பங்கு வந்து சேர்வதற்கு யாரும் மனுப் போட வேண்டியதில்லை, கையெழுத்தும் வேண்டாம். மரணமே அதைச் செய்துவிடுகிறது.

அப்பாயி 2008-ல் இறந்தார். 2012-ல் சான்றுக்கு மனுக் கொடுத்தபோது உயிரோடு இருந்தவர்கள் பெயரை மட்டும் கொடுத்தார்கள். பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. “யார் யார் இருக்கீங்க?” என்று கேட்டார்கள், இருப்பவர்களைச் சொன்னார்கள். கேட்டிருக்க வேண்டியதோ, அவர் இறந்த அன்று யார் யார் இருந்தார்கள் என்பது.

அப்பாயியின் 1/4 பங்கு அவரோடு போய்விடவில்லை. ஒரு பெண் உயிலின்றி இறந்தால் அவருடைய சொத்து முதலில் மகன்கள், மகள்கள், கணவர் ஆகியோருக்குச் செல்கிறது. முன்பே இறந்த பிள்ளையின் பங்கை அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். கணவர் முன்பே காலமாகிவிட்டார். அப்பாயிக்கு நான்கு பிள்ளைகள்: இறந்துபோன என் கட்சிக்காரரின் அப்பா, இரண்டு அத்தைகள், ஒரு சித்தப்பா. ஆக 1/4 நான்காக உடைந்து கிளைக்கு 1/16. அப்பாவின் கிளைக்கு வந்த 1/16 அவருடைய மகனுக்கும் மகளுக்கும் தலா 1/32. அம்மாவுக்கு இதில் ஒன்றுமில்லை. மாமியார் சொத்தில் மருமகள் வாரிசாக வரமாட்டார்.

சித்தப்பா 2016-ல் இறந்தார். அவருடைய 1/16 அவர் மனைவி, மகன், மகள் மூவருக்கும் தலா 1/48.

இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரிடம் உறுதியாக இருந்தது முக்கால் பங்கும் ஒரு 1/32-ம். மீதியில் 1/32 தங்கையிடம். 3/16 வெளியே, ஐந்து பேரிடம். 2013 பத்திரத்தில் ‘தலா 1/3’ என்று எழுதியது பிழை. அம்மாவிடமும் தங்கையிடமும் அப்பா வழியில் இருந்தது தலா 1/4 மட்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

“இருபத்தஞ்சு வருசமா நாங்கதானே இருக்கோம்!”

அவர் அடுத்து கேட்டது இதைத்தான். வரி கட்டியது நாங்கள், மராமத்து பார்த்தது நாங்கள், பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் சொத்து சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

எதிரிடை அனுபவம் என்ற அந்த வாதம் வெளியாளுக்கு எதிராக எடுபடலாம். உடன்பங்காளிக்கு எதிராக அவ்வளவு எளிதில் நிற்காது. ஒரு பங்குதாரர் வீட்டில் இருந்தால், எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1956-லேயே லட்சுமி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது: மற்றவரின் உரிமையை வெளிப்படையாக, அவருக்குத் தெரியும்படி மறுத்து, அதன்பின் சட்டக் காலம் முழுக்க அனுபவித்திருக்க வேண்டும். அத்தைகள் தீபாவளிக்கு வந்து அதே வீட்டில் தங்கிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு உரிமையில்லை என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு எங்கே மறுப்பு?

பட்டாவும் இங்கே உதவாது. அது வருவாய்த்துறைக் கணக்கு; உரிமையை உண்டாக்காது, இருக்கும் உரிமையை அழிக்கவும் செய்யாது. வாரிசுச் சான்றும் அப்படியே. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். சாவு பதிவு அலுவலகத்துக்கு வராது. இந்த வீட்டில் சாவால் மூன்று முறை உரிமை கைமாறியிருக்கிறது, 1999-லும் 2008-லும் 2016-லும். மூன்றுமே வில்லங்கச் சான்றில் வெற்றிடம். வீடு வாங்குபவர்கள் முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை என்று நிம்மதியாக உட்காரும்போது எனக்குக் கவலையாகவே இருக்கும்.

யாராவது வாங்கியிருந்தால்

கடன் சிக்கல் வந்ததும் ஒரு தரகர், “பேசாம வித்துடுங்க, ரொக்கமா வாங்க ஆள் இருக்கு” என்று சொல்லியிருக்கிறார். ரொக்கத்துக்கு வாங்குபவருக்கு வங்கிக் கடன் தேவையில்லை. வங்கி வக்கீல் பார்க்கவும் மாட்டார். அந்த யோசனையைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஓட்டை தெரிந்த பிறகு அதை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவதா?

சட்டமும் விடாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ம் பிரிவு, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. உரிமையிலுள்ள குறையும் அதில் அடக்கம். சொல்லாமல் விற்றால் அது மோசடிக்குச் சமம். வாங்கியவரின் நிலை இன்னும் மோசம். விற்றவரிடம் இருந்த பங்குதான் அவருக்குக் கிடைத்திருக்கும். அத்தைகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் முழுப் பணம் கொடுத்தவர் எதிர்வாதியாக நிற்க வேண்டும். குடும்பம் பிரியாமல் குடியிருக்கும் வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால் சேர்ந்து குடியிருக்கும் உரிமைகூட அவருக்குக் கிடையாது என்று அதே சட்டத்தின் 44-ம் பிரிவு சொல்கிறது.

என் கட்சிக்காரர் அந்தத் தரகருக்கு மறுபடி போன் செய்யவில்லை.

அத்தைகளிடம் எப்படிக் கேட்பது

இந்த இடத்தில்தான் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். வழக்கமாக நடப்பது இது: வயதான அத்தையைக் காரில் அழைத்து வருவார்கள், “பேங்க்குக்கு ஒரு கையெழுத்து வேணும் அத்தை” என்பார்கள், அவர் ரேகை வைப்பார், புடவை எடுத்துக் கொடுத்து அனுப்புவார்கள். பத்திரம் பதிவாகிவிடும். பின்னால் அத்தையின் பிள்ளைகள் விவரம் தெரிந்து வழக்குப் போட்டால், ஏமாற்றி வாங்கியது என்ற ஒரு வரியே அந்தப் பத்திரத்தை உலுக்கும். வழக்கு வராவிட்டாலும் அது தப்பு. அவருக்கு என்ன பங்கு, அதன் மதிப்பு என்ன என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். சம்மதமானால் பத்திரத்தைத் தயாரிக்கிறேன், இல்லாவிட்டால் வேறு வக்கீலைப் பாருங்கள் என்றேன்.

மதிப்பில் ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. முதல் தளம் இவர் தன் கடனில் கட்டியது. அதில் அத்தைகளுக்குப் பங்கு உண்டா? பங்குதாரர் ஒருவர் தன் செலவில் கட்டியதை, பாகம் பிரிக்கும்போது நீதிமன்றங்கள் கூடியவரை அவருக்கே ஒதுக்குவது வழக்கம். எனவே மனையையும் தரைத்தளத்தையும் மட்டும் மதிப்பிடச் சொன்னோம். மதிப்பீட்டாளர் 48 லட்சம் என்றார். கிளைக்கு 3 லட்சம். சித்தப்பா குடும்பத்தில் ஆளுக்கு 1 லட்சம்.

பெரிய அத்தைக்கு 71 வயது. திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “அந்த மனை வாங்குறப்ப என் ரெட்டவடச் சங்கிலிய வச்சுத்தான் தம்பி, அண்ணன் பணம் பொரட்டுச்சு. மீட்டுக் கொடுத்துருச்சு. அதுக்கெல்லாம் நான் கணக்குப் பாக்கல. ஆனா எங்கம்மா பங்குன்னு ஒண்ணு இருக்குன்னா அது எனக்கு வேணும்” என்றார். மூன்று லட்சமும் வாங்கிக்கொண்டார். குடும்பத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சின்ன அத்தை, “எனக்குப் பணம் வேணாம், புள்ள படிக்கட்டும்” என்றார்.

வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுப்பது எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். முத்திரைத் தீர்வையில் குடும்பத்தாருக்குச் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகைக்கான ‘குடும்பம்’ என்பது சட்டம் வரையறுத்த வட்டம், நாம் நினைக்கும் சொந்தபந்தம் அல்ல. யார் அதற்குள் வருவார் என்பதைச் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் பத்திரத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்தேன். தங்கையும் மறுபடி வந்து தன் 1/32-க்காகக் கையெழுத்துப் போட்டார், பணம் வாங்காமல். 2013 பத்திரம் அப்பா வழிப் பங்கை மட்டும் சொன்னது. அப்பாயி வழியில் வந்ததை அது தொடவே இல்லை.

அப்பாயியின் இறப்புச் சான்றுக்கு அலைந்தது தனிக் கதை. கிராமத்தில் இறப்பைப் பதிவு செய்யவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானால் உரிய நடுவரின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. கோட்டாட்சியர் அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, சாட்சிகள் என்று மூன்று மாதம் போனது. அதன்பிறகுதான் அவருக்கு வாரிசுச் சான்று.

சிங்கப்பூர் மகனும் பதினாறு வயது மகளும்

சித்தப்பா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்கவில்லை. அவர் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பலர் கவரைப் பிரித்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். கூரியர் உறையை எறிய வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லியிருந்தேன்; வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

கஷ்டமான முடிச்சு சித்தப்பா மகள். பதினாறரை வயது. அவர் பங்கு 1/48, மதிப்பு ஒரு லட்சம். “சித்திதான் அம்மா, அவங்க போட்டா போதாதா?” என்று கேட்டார்கள். போதாது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, 8-ம் பிரிவின்படி, பெற்ற தாயே காப்பாளராக இருந்தாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிள்ளையின் அசையாச் சொத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. மீறிச் செய்தால், பிள்ளை வயதுக்கு வந்தபின் அதைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து போன முருகன் எதிர் கேசவ கவுண்டர் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம், பதினெட்டு முடிந்த மூன்று வருடத்துக்குள் அப்படிச் செய்ய வேண்டும் என்று கெடுவை உறுதி செய்தது. கர்நாடகத்திலிருந்து வந்த சிவப்பா வழக்கில் 2025 அக்டோபரில் இன்னொரு படி போனது: வழக்கே போடாமல், அந்தச் சொத்தைத் தானே வேறொருவருக்கு விற்பது போன்ற தெளிவான செயலாலும் பழைய விற்பனையை மறுக்கலாம். பத்திரத்தில் ‘மைனருக்காக காப்பாளர்’ என்ற சொற்களைப் பார்த்தால் வாங்குபவர் நீதிமன்ற உத்தரவின் நகலைக் கேட்கத்தான் வேண்டும்.

இரண்டு வழி இருந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும்வரை காத்திருப்பது, அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்பது. ஒரு லட்சத்துக்காக நீதிமன்றமா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. ஆனால் ஒன்றரை வருடம் சும்மா இருக்கவும் முடியாது. மனுச் செய்தோம். பெண்ணுக்கு அதனால் நன்மை உண்டா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். 1/48 பங்கை வைத்துக்கொண்டு யாரும் குடியிருக்க முடியாது, வாடகையும் வராது, மதிப்பீட்டு விலை முழுதாகக் கிடைக்கிறது என்று காட்டினோம். அந்த ஒரு லட்சத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பெண்ணின் பெயரில், பதினெட்டு வயதுவரை எடுக்க முடியாத வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு, மனுச் செய்த ஏழாம் மாதம் உத்தரவு வந்தது.

கடன் கைமாறிய விதம்

2025 ஜூனில் விடுதலைப் பத்திரங்கள் பதிவாயின. பிறகு நடந்தது வேகம்தான். ஆனால் கடனை மாற்றுபவர்கள் சில விஷயங்களைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை என்பதால் சொல்கிறேன்.

மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக்கூடாது. ரிசர்வ் வங்கி 2012-லேயே தடுத்துவிட்டது. அதற்காக மாற்றம் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு எழுதும் ஒப்பந்தத்தை, நாம் எம்.ஓ.டி. என்று சொல்வதை, 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்தே ஆக வேண்டும். பழைய வங்கியின் எம்.ஓ.டி.யை ரத்து செய்ய ஒரு ரசீதுப் பத்திரம், புதிய வங்கிக்கு மறுபடி எம்.ஓ.டி. இரண்டுக்கும் செலவு உண்டு. வட்டியில் மிச்சமாவதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் மாற வேண்டும். இவருக்கு டாப்-அப் தேவைப்பட்டதால் கட்டுபடியானது.

மூலப் பத்திரம் திரும்புவதில் முன்பெல்லாம் மாதக்கணக்கில் இழுபறி நடக்கும். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. அந்த வருடம் டிசம்பர் 1 முதல் நடைமுறை. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்ப வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால் நகல் எடுத்துத் தருவதும் அதன் செலவும் வங்கியைச் சேர்ந்தது. கிளை மேலாளருக்கு இந்த விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தோம். 22-ம் நாள் 1986 பத்திரம் கைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் பழைய நகலோடு ஒத்துப் பார்த்தபின்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

இதற்குள் என் கட்சிக்காரரின் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் இருந்தாள். முதல் வருடக் கட்டணத்துக்கு அவள் அம்மாவின் நகை அடகுக்குப் போயிருந்தது. டாப்-அப் பணம் செப்டம்பரில் வந்ததும் முதலில் அதை மீட்டார்கள்.

புதிய வங்கியின் கோப்பில் கடைசியாகச் சேர்ந்தது பெரிய அத்தை கையெழுத்திட்ட பத்திரத்தின் சான்றிட்ட நகல். வங்கி ஒன்று கேட்டது. நான் இரண்டு எடுத்தேன், ஒன்றை அத்தைக்குத் தபாலில் அனுப்பினேன்.